நான்கு சில்லுகளின் பயணம்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் எமது அயல்வீட்டு வாயிலில் லொறியொன்று வந்து நின்றது. அவ்வீட்டு இளைஞர் தம்முடைய மோட்டார் வண்டிக்குப் புதிய சில்லுகள் வாங்கியிருந்தார். கழற்றிய பழைய நான்கையும் கைத்தொலைபேசியில் விளம்பரம் செய்ததில், கண்டியிலுள்ள ஆசிரியர் ஒருவர் விலைபேசி முற்பணமும் அனுப்பிவிட்டார். நான்கும் அலுமினியக் கலப்பு உலோகத்தாலானவை. டயர்கள் பூட்டியபடியே இருந்தன. வீட்டுப் பின்புறத்து மாமரத்தின் கீழ் நெடுநாளாகக் கிடந்த வெறுண்டயர்கள் இரண்டையும், “வாத்தியாருக்கு உதவும், சும்மா போகட்டும்” என்று தந்தையார் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். அவற்றினுள்ளே தேங்கி நின்ற கறுத்த நீரைக் கவிழ்த்து ஊற்றியதை நாமே கண்டோம்.

எல்லாவற்றையும் தும்புக் கயிற்றால் ஒரு கட்டாகக் கட்டி ஏற்றினார்கள். “ஏதும் மட்டை கிட்டை வைத்துக் கட்டக்கூடாதோ?” என்று நாம் மெல்லக் கேட்டோம்.

“ரயர் என்ன கண்ணாடியே, உடையிறதுக்கு?” என்றார் அவ்வீட்டு அம்மையார்.

(டயர் என்று எழுதுகிறோம், யாழ்ப்பாணத்து நாவுக்கு அது எந்நாளும் ரயர்தான்.) அம்மையாரின் வாதம் எமக்கும் நியாயமாகவே தோன்றிற்று. கல்லிலும் முள்ளிலும் ஓடுவதற்கென்றே பிறந்த பொருள், லொறித் தட்டில் ஒருநாள் கிடந்தால் என்ன கெட்டுவிடும்? வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினோம்.

ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 300 கிலோமீற்றருக்கு அப்பால். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று இறங்கி ஏறி, நடுவே ஒரு களஞ்சியத்தில் நாட்கணக்கில் தங்கி, பொதி ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. அதற்கும் இரண்டு நாட்கள் கழித்து ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். இளைஞர் முற்றத்தில் நின்று பேசியதால் பாதி எமது காதிலும் விழுந்தது. மீதியை அவரே பின்னர் வந்து சொன்னார். ஒரு சில்லின் விளிம்பு நெளிந்திருந்தது. இரண்டின் முகப்பு, ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்திருந்தது. நட்டுகள் வரவில்லை. வெறுண்டயர் இரண்டிலும் ஒவ்வொரு கோப்பையளவு நீர் நின்றது. அந்நீரில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன. ஆசிரியரின் மகள் 2017ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையில் கிடந்து பிழைத்தவளாம். அவர் ஏசவில்லை. “தம்பி, இதையும் நான் விலைகொடுத்து வாங்கினேனா?” என்று மட்டுமே கேட்டாராம்.

அந்தக் கேள்வி எம்மையும் உறங்கவிடவில்லை. ஒரு பொருளை அனுப்பும்போது அதனோடு வேறு எவையெல்லாம் சேர்ந்து போகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆகவே, அறிந்தவர்களிடம் விசாரித்தும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். மோட்டார் வண்டி இல்லாத வீட்டார் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கதையின் பிற்பகுதி அவர்களுக்கும் உரியது.

முதலில் சில்லின் இலக்கணத்தைப் பார்ப்போம். டயரின் பக்கச்சுவரில் 185/65R15 என்பதுபோல் ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். 185 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. R என்பது உட்கட்டமைப்பின் வகை. 15 என்பது டயர் பூட்டப்படும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீற்றரும் நூற்றுவீதமும் அங்குலமும் கைகோத்து நிற்கும் விந்தையை வேறெங்கும் காண்பது அரிது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 185இல் நூற்றுக்கு 65 பங்கு, 120 மில்லிமீற்றரும் சொச்சமும், மேலும் கீழுமாக இருமடங்கு, 240.5, பதினைந்து அங்குலம், 381 மில்லிமீற்றர். கூட்டினால் 621.5. ஆகவே அந்தச் சில்லை வைக்கும் பெட்டி 62 சென்றிமீற்றரிலும் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். டயரைத் தொடாமலே, அதன் மேலுள்ள எழுத்தைக்கொண்டு பெட்டி செய்துவிடலாம்.

வாங்குபவர் கேட்டறிய வேண்டியவை வேறு சில உள. சில்லில் எத்தனை துளைகள், அத்துளைகளின் மையங்கள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பன அவை. நான்கு துளைகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்த சில்லும், 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்த சில்லும் பார்வைக்கு உடன்பிறந்தவைபோல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. நடுத்துளையின் அளவும் ஒத்துவர வேண்டும். இவற்றை அனுப்புமுன் சொல்லாவிடின், பொதி கட்டிய பாடும் கூலியும் வீண்.

நட்டுகளின் செய்தி இதனினும் கடுமையானது. சில வண்டிகளின் நட்டு, சில்லில் அமரும் இடத்தில் கூம்பு வடிவமாயிருக்கும், சிலவற்றில் உருண்டையாயிருக்கும், சிலவற்றில் தட்டையாகவும் இருக்கும். கூம்பு அமரவேண்டிய குழியில் உருண்டையை வைத்து இறுக்கினால் அது இறுகிவிட்டதுபோலவே தோன்றும். உண்மையில் மிகச் சிறிய இடத்தில் மட்டுமே அது தொட்டுக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் அது தளர்ந்து போகும். கண்டி ஆசிரியர் தம்முடைய பழைய இரும்புச் சில்லின் நட்டுகளையே பூட்டிக்கொண்டு கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே எமக்கு அச்சமாயிருக்கிறது. அச்சில்லுக்குரிய நட்டுகளை ஒரு துணிப்பையில் இட்டுச் சில்லோடு சேர்த்துக் கட்டி அனுப்புவது விற்பவரின் கடமை. பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடியும் இறுக்கிப் பார்க்கவேண்டும் என்ற குறிப்பையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்தல் நன்று.

இனி வயது. பக்கச்சுவரில் சிறிய நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். 2000ஆம் ஆண்டு தொடக்கம் இம்முறை வழக்கில் உள்ளது. பெண்பார்க்கும் இடத்திற்கூட வயதை ஒன்றிரண்டு குறைத்துச் சொல்வர். டயரிடம் அது செல்லாது. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டு கடந்ததை, பூக்கள் தேயாமல் புதிதுபோல் இருப்பினும், கழித்துவிடவும் உற்பத்தியாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். இறப்பர் உள்ளுக்குள்ளே இறுகி வெடித்துப்போவதே காரணம். எமது அயலவர் இனாமாக அனுப்பிய இரண்டிலும் பொறித்திருந்த ஆண்டு 2011. அவருக்கு அது தெரியாது. பார்க்கவேண்டும் என்பதும் தெரியாது. எமக்கும் அன்றுவரை தெரியாது. ஆயினும், தெரியாமல் கொடுத்த டயரும் தெரிந்து கொடுத்த டயரும் வெடிக்கும்போது ஒரே மாதிரியே வெடிக்கும்.

கட்டும் முறைக்கு வருவோம். “உடையிறதுக்குக் கண்ணாடியே” என்ற அம்மையாரின் கேள்விக்கு விடை இதுதான்: டயர் தரையைத் தொடும் பக்கத்தில் வலியது, உள்விளிம்பில் மெலியது. அவ்விளிம்பினுள்ளே உருக்குக் கம்பிகள் வளையமாக ஓடுகின்றன. உலோக வளையத்தோடு இறுகப் பொருந்திக் காற்றை அடைத்துக்கொள்வது அந்த விளிம்பே. லொறியிலிருந்து இறக்குவோர் கொக்கியை அதற்குள் மாட்டி இழுத்தால், அல்லது கட்டும் கயிறு அதனை நசுக்கினால், கம்பி மடிந்துபோம்; பின்னர் எத்தனை முறை காற்றடித்தாலும் அது நில்லாது. ஆகவே வெறுண்டயருக்குப் பெட்டி அவசியமில்லை. இரண்டிரண்டாக அடுக்கி அகன்ற பட்டியால் நசுங்காமல் கட்டினாற் போதும்.

அலுமினியச் சில்லின் பயம் வேறு. அது இரும்பைப்போல் நெளிந்து கொடுப்பதில்லை. ஓரத்தில் அடிபட்டால், வெளியே நெளிவாகத் தெரிவது உள்ளே வெடிப்பாகவும் இருக்கலாம். சூடாக்கிச் சுத்தியலால் தட்டி நேராக்குவோரும் உளர். அப்படித் தட்டியெடுத்த சில்லில் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல எமக்கு மனம் வராது. முகப்பைக் காப்பதற்கு நெளிமட்டையில் வட்டமாக வெட்டிய இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றவேண்டும். நடுமூடியைக் கழற்றித் தனியே பொதிதல் நன்று. ஓரத்தில் ஒட்டியிருக்கும் சமநிலை எடைகள் கூரியவை. அடுத்த சில்லைக் கீறிவிடும். அவற்றுக்கும் மட்டை வைக்கவேண்டும். டயர் பூட்டிய சில்லாயின் காற்றைப் பாதியளவுக்கு இறக்கலாம். முழுவதும் இறக்கிவிட்டால் டயர் தளர்ந்து, இதுவரை அதன் மறைவில் இருந்த உலோக ஓரம் வெளிப்பட்டு அடிபடும். சிக்கனம் கருதிக் கட்டிய எமது அயலவரின் தும்புக் கயிறு அந்த ஓரத்தில்தான் அரைந்துகொண்டு போயிருக்கிறது.

முகவரியை டயரில் ஒட்டக்கூடாது. டயரின் மேற்பரப்பில் மெழுகும் தூசியும் இருப்பதால் பசை பிடிக்காது. தம்புள்ளைக்கு முன்னரே உதிர்ந்துவிடும். தடித்த அட்டையில் எழுதித் துளையிட்டு நூலாற் கட்டுவதே பழைய தபாற்காரர் முறை. அதேபோல் இன்னொன்றை எழுதி உள்ளேயும் வைப்பது மேலும் நன்று.

கூலி விடயத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியவில்லை. வான்வழியே பொதி அனுப்புவோர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்றிமீற்றரிற் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோகிராமாகக் கொண்டு, மெய்யான நிறையோடு ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூலி வாங்குவர். நாம் மேலே கணக்கிட்ட டயரை எடுத்துக்கொள்வோம். 62ஐ 62ஆற் பெருக்கி, 19ஆற் பெருக்கி, 5000ஆல் வகுத்தால் 14.6 வருகிறது. அத்தகைய டயரின் மெய் நிறையோ எட்டு ஒன்பது கிலோகிராம் அளவே. மீதி ஐந்தாறு கிலோவும் நடுவிலுள்ள ஓட்டையின் நிறை! இல்லாத பொருளுக்குக் கூலி கொடுக்கும் அநியாயம் என்று சிலர் முறையிடுவர். ஆயின் அந்த ஓட்டை விமானத்தில் இடத்தை அடைத்துக்கொண்டுதானே போகிறது?

பெருவணிகர்கள் இந்த வெற்றிடத்தோடு எந்நேரமும் போராடுகிறார்கள். கொள்கலன்களில் ஏற்றும்போது டயர்களை நேராக அடுக்காமல், ஒன்றின் ஓரம் மற்றொன்றின் நடுவிற் புகுமாறு சாய்த்துச் சாய்த்து ஏற்றுவதுண்டு. பார்ப்பதற்குக் கிடுகு பின்னியதுபோல் இருக்கும். பழைய டயர் வணிகத்தில், பெரிய டயரின் வயிற்றுக்குள் சிறியதையும், அதனுள் அதனினும் சிறியதையும் அமுக்கித் திணிப்பதும் உண்டு. இடம் மிஞ்சும், டயரின் உள்விளிம்போ விரிந்து பாழாகும். வெளித்தோற்றம் நன்றாயிருந்தும் இறக்குமதியான பழைய டயர் காற்றை இழப்பதற்கு இத்தகைய திணிப்பும் ஒரு காரணம் ஆகலாம்.

எமது நாட்டுக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. துறைமுகங்களிலும் களஞ்சியங்களிலும் பாரந் தூக்கும் வண்டிகளுக்குக் காற்றில்லாத திண்ம டயர் பூட்டுவர். அவ்வகை டயரை ஏற்றுமதி செய்வதில் இலங்கை உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. அதற்குள் வெற்றிடமென்று அதிகம் இல்லை. கொள்கலன் நிறையும் முன்னரே நிறையெல்லை எட்டிவிடும். அந்த வணிகர்களுக்கு ஓட்டையைப் பற்றிய கவலை குறைவு.

இறப்பர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததே நல்ல பொதியினாற்றான் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிறேசில் நாட்டின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளைத் திரட்டினார். இறப்பர் விதையில் எண்ணெய்ப்பசை உண்டு. மூடி அடைத்தால் சிக்கெடுத்துக் கெட்டுவிடும். ஆதலால் அவர் பிரம்பால் முடைந்த காற்றோட்டமான கூடைகளில், உலர்ந்த காட்டு வாழை இலைகளை இடையிடையே பரப்பி விதைகளை அடுக்கினார். இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் விதைத்தபோது, முளைத்தவை நூற்றுக்கு நான்கு அளவே. அந்த முளைகளிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் கன்றுகளை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பினர். நதானியல் வார்ட் என்ற இலண்டன் மருத்துவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டிகளில், மண்ணோடும் ஈரத்தோடும், சிறு வீட்டில் வாழ்வதுபோல் வாழ்ந்துகொண்டே அவை கடல் கடந்தன. பெரும்பாலானவை உயிரோடு வந்து கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின. அதே ஆண்டில் சிங்கப்பூருக்கு அனுப்பிய ஐம்பது கன்றுகளோ பட்டுப்போயின. கப்பற்கூலியை உரிய வேளையிற் செலுத்தாமையால் துறைமுகத்தில் தங்கிவிட்டதே காரணம் என்பர். 1877இல் மறுபடியும் 22 கன்றுகள் சென்றன. மலாயாவின் இறப்பர்ச் செல்வம் அவற்றிலிருந்து தொடங்கியது. கூலிச்சீட்டு ஒன்று தாமதித்தமையால் ஒரு நாடு ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

இனி அந்தக் கோப்பையளவு நீருக்கு வருவோம்.

வெறுண்டயரை எப்படி வைத்தாலும் மழைநீர் அதனுள் தங்கும். படுக்கவைத்தால் வளையம் முழுவதும் தங்கும். நிறுத்திவைத்தால் அடியில் தங்கும். கறுத்த நிறத்தால் உள்ளே வெம்மையும் நிழலும் ஒருங்கே கிடைக்கும். உதிர்ந்த இலை அழுகி உணவாகும். டெங்குவைப் பரப்பும் நுளம்புகளுக்கு இதனைக் காட்டிலும் வசதியான மாளிகை வேறில்லை. அவை முட்டையை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் உலர்ந்தபடியே காத்திருக்கும். மறுபடி நீர் ஏறி நனைத்ததும் புழு வெளிவரும். எமது அயலவர் நீரைக் கவிழ்த்தது மெய். முட்டைகளோ சுவரில் ஒட்டியபடியே லொறி ஏறின. மாத்தளைப் பக்கத்தில் மழை பெய்திருக்கிறது. மேலே மூடாத லொறி. மிகுதியை ஆசிரியர் கண்டார்.

இவ்வாறே ஒரு நுளம்பு உலகத்தைச் சுற்றிவந்திருக்கிறது. ஆசியப் புலிநுளம்பு என்று அதற்குப் பெயர். கறுப்பு உடலில் வெள்ளை வரிகள். இலங்கையிலும் அது உண்டு. ஆசியாவே அதன் தாய்வீடு. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்தை அடுத்த பகுதியில் அது பெருகியிருக்கக் கண்டனர். பறந்து கடல் கடக்கும் வல்லமை அதற்கில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பாற் செல்வதே அரிது. பின் எவ்வாறு வந்தது? ஆராய்ந்தபோது, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகிய பழைய டயர்களுக்குள் முட்டையாக வந்தது என்ற முடிவுக்கு வந்தனர். அமெரிக்க நுளம்பு குளிர்காலத்தை முட்டையாக உறங்கிக் கழிக்கும் இயல்பு உடையதாயிருந்தமையும் வட ஆசியாவையே சுட்டிற்று. வெப்பநாட்டு நுளம்புக்கு அவ்வியல்பு இல்லை. அதன்பின் 1988 முதல், ஆசியாவிலிருந்து வரும் பழைய டயர்கள் உலர்ந்தும் பூச்சியின்றியும் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா விதித்தது.

விதி வந்தது, நுளம்பு அதற்கு முன்னரே இறங்கிவிட்டது. 1990இல் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுக நகரில் அது தோன்றியது. இம்முறை அமெரிக்காவிலிருந்து சென்ற பழைய டயர்களோடு அது இத்தாலிக்கு வந்தது என்பர். பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 2007இல் இத்தாலியின் ரவேன்னா மாகாணத்தில், கடற்கரை ஓரத்துச் சிற்றூர்களில், அதுவரை ஐரோப்பாவில் பரவியறியாத சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவி இருநூறுக்கு மேற்பட்டோரைப் படுக்கையிற் கிடத்திற்று. நோய்க்கிருமியைக் கொண்டுவந்தவர் இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பயணி. அதனை வீடு வீடாகச் சுமந்து பரப்பியது டயரில் வந்த அந்த நுளம்பின் சந்ததி. பொதி கட்டியவர் யாரோ, எந்த நாட்டில் எந்த ஆண்டிலோ ஒரு டயரைக் கழுவாமல் ஏற்றினார். அவர் பெயரை யாரும் அறியார். அவரும் அறியார்.

எமது நாட்டில் 2017ஆம் ஆண்டில் டெங்கு நோயுற்றோர் தொகை 186,000ஐத் தாண்டியது; 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் வைத்தியசாலைக் காட்சிகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கமாக இங்கு உண்டு. அச்சட்டம் எமது முற்றத்து டயரைப் பார்க்கும். லொறியில் ஏறிப் போய்விட்ட டயரை யார் பார்ப்பது?

ஆகவே டயரை அனுப்புவதற்குரிய முதல் வேலை கயிறும் மட்டையும் அல்ல, வாளியும் தூரிகையும். உட்சுவர் முழுவதையும் சவர்க்கார நீரிட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். நீரைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. ஒட்டிய முட்டை தேய்த்தாலன்றிப் போகாது. பின் காற்றோட்டமான நிழலில் உள்ளும் புறமும் உலர்த்தவேண்டும். உலருமுன் பிளாஸ்டிக் தாளால் மூடினால், தேங்கும் ஈரத்தை நாமே காத்துக்கொடுத்தவர்களாவோம். நன்கு உலர்ந்தபின் இருபுறமும் மட்டை வைத்து ஓட்டையை மூடிச் சுற்றவேண்டும். அப்போது வழியிற் பெய்யும் மழை உள்ளே புகாது. கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், வெயிற்படும் வெறுநிலத்தில் ஊற்றுவது நலம்.

அயல்வீட்டுக் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறோம். மூன்று சில்லில் வண்டி ஓடாது. நெளிந்த ஒன்றின் விலையை மட்டும் திருப்பிக் கொடுத்தால் ஆசிரியருக்குப் பயனில்லை. முழுப் பணத்தையும் திருப்பிவிட இளைஞர் எண்ணினார். தந்தையாருக்கு அது உடன்பாடன்று. “ஏத்திவிட்ட பிறகு எங்கட பொறுப்பில்லை” என்று அவர் சொல்ல, “அப்ப லொறிக்காரன்ர பொறுப்பே? கட்டினது நாங்கள்தானே அப்பா” என்று மகன் மறுக்க, இரண்டு நாட்கள் அவ்வீட்டில் தந்தையும் மகனும் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் இளைஞர் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினார். பஞ்சிகாவத்தையில் கடைகடையாக ஏறி இறங்கி, அதே அளவும் அதே முகப்பும் கொண்ட ஒற்றைச் சில்லொன்றைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விலை என்னவென்று தந்தையாரிடம் சொல்லவில்லை, எம்மிடமும் சொல்லவில்லை.

அதைப் பொதி செய்த நாளில் நாமும் போயிருந்தோம். குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையில், சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து நடுவட்டமும் பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து வெளிவட்டமும் வரைந்து அம்மையாரே தட்டுகள் வெட்டிக் கொடுத்தார். இருபது நட்டுகளையும் எண்ணிப் பழைய தலையணை உறையிலிட்டு முடிந்தார். நான்கு சில்லுக்குப் பதினாறு போதுமே என்றோம். “நாலு கூடவா இருக்கட்டும்” என்றார். முகவரி அட்டையை எழுதும் பொறுப்பு எமக்கு வந்தது.

ஆசிரியர் அந்த இரண்டு வெறுண்டயர்களையும் திருப்பி அனுப்பவில்லை. பக்கச்சுவரில் நான்கு நான்கு துளைகளிட்டு, மண் நிரப்பித் தம் பாடசாலை முற்றத்தில் செவ்வந்தி நட்டிருப்பதாகச் சொன்னார். எமது அயல்வீட்டு மாமரத்தின் கீழ் இன்னும் ஒரு டயர் கிடக்கிறது. அதிலும் துளையிடுவதற்கென்று தந்தையார் நேற்றுக் காலை எம்மிடமிருந்து துறப்பணத்தை இரவல் வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.